ஒரு ஸ்பூன் உப்பின் எடை

வியாகுலமேரியின் கணவர் இஞ்ஞாசிமுத்துவுக்குச் சிறுநீரகம் பழுது. ஒரு நாளைக்கு மூன்று கிராம் உப்புக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையால் அள்ளிப் போட்டுப் பழகியவள், ஒரு ஸ்பூன் எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்க்க, ஸ்பூனும் கல் உப்புமாகச் சின்னமனூர் மளிகைக் கடைக்குப் போனாள்.

ஒரு ஸ்பூனுக்குத் தராசு அசையவே இல்லை. கடைக்காரர் ஜான் பீட்டர் பத்து ஸ்பூன் போடச் சொல்லி வகுத்துப் பார்த்தார். மறுபடி போட்டபோது வேறு எடை வந்தது.

"கல்லு பெருசும் சிறுசுமா இருக்குக்கா. தூள் உப்பும் அள்ளுறதப் பொறுத்து மாறும்."

"கூடிப்போனா அவுகளுக்கு மூச்சு வாங்குமே, தம்பி. எதை நம்பிப் போடுறது?"

அவர் தராசுத் தட்டிலிருந்த உப்பைத் திரும்பப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அன்று பயந்துபோய் உப்பில்லாமல் குழம்பு வைத்தாள். ஒரு வாய் தின்ற இஞ்ஞாசிமுத்து தட்டைத் தள்ளினார்.

"கொஞ்சம் போடேன், மேரி."

உப்பு டப்பாவைத் திறந்தவள், அள்ளவும் முடியாமல் மூடவும் முடியாமல் நின்றாள்.