நோதலின் முன்னிலை

முழங்காலை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு “பொலி, பொலி” என்று அந்த அம்மா முனகியதுதான் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருகிறது. ஜெர்மனியில், ஹம் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருந்தவர். இளவயதில் பொஸ்னியாவிலிருந்து வந்து, தொழிற்சாலையில் உழைத்து, ஜெர்மன் மொழியில் சண்டை பிடிக்குமளவுக்குத் தேறியவர். மறதிநோய் முற்றியபோது, பிந்தி வந்த மொழி முந்திப் போயிற்று. மிஞ்சியது தாய்மொழியான சேர்போ-குரோஷியம் மட்டும். மகளோ ஜெர்மனிலேயே வளர்ந்தவள். இருவரும் அருகருகே இருந்து பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணச் சங்கடமாக இருக்கும்.

எங்கள் சமையலறையில் வேலை செய்த பொஸ்னியப் பெண்தான் அந்தச் சொல்லை எனக்கு விளக்கினாள். ‘பொலி மெ’ என்றால் ‘எனக்கு நோகிறது’. நம்மைப் போலவே அவர்களும் ‘நான் நோகிறேன்’ என்பதில்லை. நோவுதான் வருகிறது; மனிதர் வாங்கிக்கொள்கிறார். அதற்குப் பிறகு அந்த அம்மா ‘பொலி’ என்றதும் இடத்தைத் தொட்டுப் பார்த்து மருந்துக்குச் சொல்லிவிடுவேன்.

ஒரு பிற்பகல், மகள் அந்த வினைச்சொல்லின் அட்டவணையைக் கைபேசியில் தேடி எடுத்து வந்திருந்தாள். நான், நீ, அவள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். ‘நீ’ என்பதற்கு நேரே இருந்ததைப் பார்த்து, பள்ளிப்பிள்ளையின் கவனத்தோடு “பொலிஷ்?” என்று கேட்டாள். உனக்கு நோகிறதா என்று கேட்பதாகத்தான் நினைத்தாள். தாயின் முகம் மாறிவிட்டது. “பொலிம் தெ?” என்றார். மகளின் கன்னத்தைத் தடவித் தடவி அழுதார்.

ஒன்றும் விளங்காமல் நான் ஓடிப்போய்ச் சமையலறைப் பெண்ணைக் கூட்டிவந்தேன். நடந்ததைக் கேட்டதும் அவள் கைபேசியில் இருந்த அட்டவணையை வாங்கிப் பார்த்தாள். ‘பொலிஷ்’ என்றால் ‘நீ எனக்கு நோவு தருகிறாய்’ என்று பொருள். ‘நானா உனக்கு நோவு தருகிறேன்?’ என்று அம்மா திருப்பிக் கேட்டிருக்கிறார் என்றாள். மகள் வெளிறிப்போனாள். சரியான வடிவத்தைக் கேட்டு, உடனே தாயிடம் குனிந்து “பொலி தெ?” என்றாள்.

“நெ பொலி,” என்றார் தாய். நோகவில்லை.

அன்றைக்குப் பிறகு அவர் முனகவே இல்லை. யார் கேட்டாலும் ‘நெ பொலி’தான். நாங்கள் புரட்டிப் படுக்கவைக்கும்போது போர்வை நுனியைக் கடித்துக்கொள்வார். மகள் வரும் நாட்களில் சிரிப்பார். கடைசியில் மருத்துவர் அவருடைய சொல்லை விட்டுவிட்டு, நெற்றிச் சுருக்கத்தையும் மூச்சையும் பார்த்து மருந்தைக் கூட்டினார். குளிர்காலம் முடியுமுன் அந்த அம்மா இறந்துபோனார். அறையை ஒழித்துக்கொடுக்க வந்த மகள் என்னிடம், “அம்மாவுக்குக் கடைசியில் நோகவில்லைத்தானே?” என்று கேட்டாள். மருந்து கொடுத்தோம் என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

போன கிழமை, வேலையால் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். இங்கே பிறந்த என் மகனுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். சப்பாத்தைக் கழற்றியபடி என்னைப் பார்த்தான்.

“அம்மா, நீங்கள் நோகிறீங்களோ?”

‘உங்களுக்கு நோகுதோ எண்டு கேளடா’ என்று திருத்த வாயெடுத்தேன். ஆனால் வந்தது வேறு.

“இல்லையப்பு, நோகேல்லை.”