கைமாற்று நடை

என் அக்காவுக்குக் கிடங்கில் வைத்த பெயர் ரயில். நடந்தால் அப்படி ஒரு வேகம். வழியில் நிற்பவர்கள்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் அந்தக் கால்களை நம்பித்தான் வளர்த்தாள். ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்தபடி போனில் கேட்கிற சோப்பையும் செருப்பையும் பொம்மையையும் அடுக்குகளிலிருந்து எடுத்துத் தள்ளுவண்டியில் கொண்டுவருவது அவள் வேலை.

ஒருநாள் எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டையைக் கட்டினார்கள். எந்த அடுக்குக்குப் போக வேண்டும் என்று அது காட்டும். கை அசையாமல் இருந்தால் முதலில் அதிரும். பிறகு மேற்பார்வையாளரின் திரையில் அந்த ஆளின் பெயர் சிவப்பாகும். அப்போதும் அசையாவிட்டால், ஆள் மயங்கிக் கிடப்பதாக நினைத்து முதலுதவிக்காரர்களை அழைக்கும். மேலாளர் அன்று பெரிய பிரசங்கமே செய்தார். கருவி மனிதனின் பாரத்தை இறக்கிவைக்கிறது, பாரம் இறங்கிய மனிதன் மலர்கிறான் என்றார். அக்கா சும்மா இருப்பாளா?

"மலர்றதெல்லாம் சரி சார், உக்கார ஒரு நாற்காலி போடுவீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். நாற்காலி மட்டும் வரவில்லை.

பட்டையைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. ஏணியிலிருந்து விழுந்து கிடந்த ஒருவனுக்கு அது அழைத்துத்தான் ஆள் ஓடிவந்தது, பிழைத்தான். ஆனால் அதே பட்டை, முதுகு வலித்து நின்றவளையும் சிவப்பாக்கியது. சிவப்பு சேர்ந்தால் வேலை இல்லை. அசைகிறாயா என்பதுதான் அதன் கேள்வி. நன்றாக இருக்கிறாயா என்று அது யாரையும் கேட்டதில்லை, அதைக் கட்டியவர்களும் கேட்டதில்லை.

ஆடுகிற மாட்டை ஆடித்தானே கறக்க வேண்டும்? பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முடியாதவள் தன் பட்டையைக் கழற்றி இன்னொருத்தியிடம் கொடுப்பாள். வாங்கியவள் இரண்டையும் கட்டிக்கொண்டு இருவர் வேலையையும் செய்வாள். இதற்குக் கைமாற்று என்று பெயர். வயிற்றுவலி நாளில், பிள்ளை உண்டான நாளில், காரணமில்லாமல் அழுகை வந்த நாளில் எல்லாரும் தேடிப்போவது அக்காவைத்தான். வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "இன்னைக்கு நான் ரெண்டு ஆளுடி" என்பாள் பெருமையாக. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஊருக்கெல்லாம் நடக்கறியே, உனக்கு யாரு நடப்பா?"

"பூனை இருக்காளே."

பூனை அவளுடைய கிடங்குச் சிநேகிதி. காலடிச் சத்தமே கேட்காது, அதனால் அந்தப் பெயர். பூனையின் ஒரே மகள் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள்.

ஒருநாள் மதியம் பூனை கிடங்கின் கடைசி வரிசையில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"என்னடி பண்ணுது?" என்று கேட்டாள் அக்கா.

"நெஞ்சைப் பிசையற மாதிரி இருக்கு. காலையில சாப்பிடல, வாயுவாத்தான் இருக்கும்."

"ஆபீஸ்ல சொல்லட்டுமா?"

"வேணாம்டி, ஏற்கனவே சிவப்பு வாங்கியிருக்கேன். கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்."

அக்கா அவள் பட்டையைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள். யாருக்கும் செய்வதைத்தான் செய்தாள். தண்ணீர் பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தாள். அன்றைக்குப் பார்த்து வேலை மலைபோல. நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்தபோது பூனை கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். பாவம், தூங்கட்டும் என்று இன்னும் வேகமாக நடந்தாள்.

வேலை முடிந்து மணி அடித்ததும் எழுப்பப் போனாள். கை சில்லிட்டிருந்தது. அந்தக் கையில் பட்டையைத் திரும்பக் கட்டினாள். மணி அடித்தால் அவரவர் பட்டை அவரவர் கைக்குப் போய்விட வேண்டும், அந்தப் பழக்கம். அப்புறம்தான் அலறினாள். பூனையின் கைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் பட்டை முதலுதவியை அழைத்தது.

துக்கம் கேட்கப் பூனையின் வீட்டுக்கு வந்த மேலாளர், பட்டை பதிவுசெய்த ஒரு பச்சைக் கோட்டைத் தன் போனில் அவள் மகளிடம் காட்டினார். வேலை முடியும்வரை அந்தப் பெண்ணின் அம்மா சுறுசுறுப்பாக நடந்திருக்கிறாளாம், யார் பேரிலும் குறை சொல்ல வழியில்லையாம். அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா கஷ்டப்படவே இல்லையாம் பெரியம்மா. கடைசிவரைக்கும் ஓடியாடிக்கிட்டுத்தான் இருந்தாங்களாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். வாயைத் திறந்தால் வேலை போகும், பழி வரும், அந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே ஆறுதலும் போகும். செத்தவள் எழுந்து வரப்போகிறாளா? நான் கிள்ளியதில் தப்பே இல்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

அக்கா கேட்கவில்லை.

"அது என் நடை கண்ணு. உங்கம்மா உக்காந்திருந்தா."

மகள் புரியாமல் பார்த்தாள். அக்கா தன் மணிக்கட்டைத் தொட்டுக்காட்டி முழுவதையும் சொன்னாள். மேலாளர் பாதியிலேயே எழுந்து போனோடு வாசலுக்குப் போய்விட்டார். அந்தப் பெண் அழவில்லை, திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப அம்மா பக்கத்துல யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்ல கண்ணு," என்றாள் அக்கா. "நாங்க எல்லாரும் நடந்துக்கிட்டு இருந்தோம்."