ஆறெழுத்து

மட்டாஞ்சேரி பஜாரில் அக்கா வேலை செய்த மிளகுக் கிடங்கின் சுவரில் ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு தாள்களை ஒட்டினார்கள். ஒன்று மலையாளம், ஒன்று ஆங்கிலம். அக்கா இரண்டையும் செல்போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள்.

"தம்பி, மலையாளம் நான் வாசிச்சிட்டேன். இங்கிலீஷ்ல வேற எதாவது பறஞ்சிருக்கானா பாரு."

வேறு எதுவும் இல்லை. கிடங்கு ஹோட்டலாகப் போகிறது. மிளகு வேலை இடக்கொச்சியில் கட்டியிருக்கும் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. தரம் பிரிக்கும் கிரேடர்கள் அங்கே போவார்கள். 'ஆன்சிலரி ஸ்டாஃப்' மாதக் கடைசியோடு விடுவிக்கப்படுவார்கள். ஆன்சிலரி என்றால் யார் யார் என்று அடியில் ஒரு வரி இருந்தது: ஹெல்ப்பர், ஸ்வீப்பர், வாட்ச்மேன். அக்காவின் அடையாள அட்டையில் இருப்பது ஹெல்ப்பர்.

அந்த ஆன்சிலரி என்ற சொல்லை அகராதியில் தேடினேன். அது லத்தீனில் வேலைக்காரப் பெண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். எழுதியவனுக்கு அது தெரிந்திருக்காது. தெரியாமலே சரியாக எழுதியிருக்கிறான் என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

இந்த மாதிரிச் சொற்களோடுதான் நான் முப்பது வருடம் பிழைத்தேன். ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் எனக்கே சப் என்று பெயர், சப்-எடிட்டரின் சுருக்கம். வெளியூர்க்காரர் அனுப்பும் செய்தியைத் திருத்தி, நீளத்தைக் குறைத்து, இடத்துக்குள் அடக்குவது என் வேலை. காயம் என்று வந்தால் மைனர். கடை என்று வந்தால் ஸ்மால். பஜாரில் மூட்டை சரிந்து ஒரு சுமட்டுக்காரர் செத்தால் பக்கத்தின் அடியில் நாலு வரி. அதற்கு ஃபில்லர் என்று பெயர். மிச்சமிருக்கும் இடத்தை நிரப்புவது. ஒரு நாள்கூட அந்தச் சொல்லைச் சொல்ல என் நாக்கு கூசியதில்லை.

அக்காவின் வேலையைச் சொல்கிறேன். காலை எட்டரைக்கு முறத்தோடு உட்காருவாள். மொத்தம் பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் தமிழ்க் குடும்பங்கள். முறத்தை இரண்டு முறை தட்டிப் புடைத்தால் பொக்கு மிளகு விளிம்புக்கு வந்துவிடும். பிறகு ஒரு கைப்பிடி அள்ளி, விரலை விரித்துப் பார்த்துச் சொல்வாள்: இது முதல் தரம், இதில் ஈரம் இருக்கிறது, இது போன வருடத்துச் சரக்கு, யாரோ கலந்திருக்கிறார்கள். அவள் சொல்வதை ஓர் ஆள் நின்றுகொண்டு நோட்டில் எழுதுவார். இருபத்தொரு வருடம் இப்படித்தான் நடந்தது. எழுதுவதற்கு இரண்டு ஆண்கள் இருந்தார்கள். அவர்கள் அட்டையில் கிரேடர் என்று இருந்தது.

அவள் அட்டையில் ஹெல்ப்பர் என்று வந்தது என்னால்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால், எல்லாருக்கும் அட்டை போடுகிறார்கள் என்று ஒரு ஞாயிறு மத்தியானம் படிவத்தைக் கொண்டுவந்தாள். ஆங்கிலப் படிவம். வேலை என்ற இடத்தில் பத்துக் கட்டங்கள். "என்ன எழுத?" என்று கேட்டேன். "உனக்குத் தெரியாததா? நீயே எழுது" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். கிடங்கில் அந்தப் பெண்களை ஹெல்ப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாருக்கும் புரிகிற சின்னச் சொல். எழுதினேன். ஆறெழுத்து. மிச்ச நாலு கட்டத்தையும் கோடு போட்டு அடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் மற்ற பதினொரு பெண்களும் அவள் படிவத்தைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். பேப்பர் ஆபீஸ்காரன் எழுதியது தப்பாக இருக்குமா?

கிரேடர் என்பதும் ஆங்கிலத்தில் ஆறெழுத்துதான். அதை எண்ணிப் பார்த்தது சுவரில் தாள் ஒட்டிய பிறகு. அக்காவிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை அவளோடு கிடங்கு ஆபீஸுக்குப் போனேன். மேனேஜர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். எழுந்து நின்று எங்களுக்கு நாற்காலி போட்டார், சாயா வரவழைத்தார்.

"ஸாரே, இது ஜஸ்ட் ஒரு கேட்டகரி. யாரையும் குறைச்சுப் பார்க்கிறதல்ல."

"இங்கே தரம் பிரிக்கிறது யார்?" என்று கேட்டேன்.

"கிரேடர்ஸ் உண்டல்லோ."

"அவர்கள் முறம் பிடித்து நீங்கள் பார்த்ததுண்டா?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. அட்டையில் உள்ளதைத்தான் தலைமை ஆபீஸ் பார்க்கும் என்றார். அட்டையில் உள்ளது அவரவர் கைப்பட எழுதிக் கொடுத்தது என்றார். அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டவும் தயாராக இருந்தார். வேண்டாம் என்றேன். அது யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவர் அக்கா பக்கம் திரும்பினார். "சேச்சி, ஒரு சகாயம். மூணு ஆழ்ச்ச இடக்கொச்சிக்கு வரணும். புதுசா எடுத்த பிள்ளைகளுக்கு முறம் பிடிக்கிறது, மிளகு பார்க்கிறது ஒண்ணும் அறியில்லா. சேச்சி காட்டிக் கொடுத்தா மதி. டெம்பரரி அசிஸ்டென்ட்னு போட்டுத் தரேன்."

மூன்று வாரம். அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஹெல்ப்பருக்கு என்ன ஸாரே தெரியும்?" என்றாள். "நோட்டோட ரெண்டு கிரேடர் வராங்கல்ல, அவங்கள்ட்ட கேளுங்க. இருபது வருஷமா எழுதியிருக்காங்க. எதாவது மனசுல நின்னிருக்கும்."

சாயாவைத் தொடாமல் எழுந்தாள்.

வாசலில் மற்ற பெண்கள் கூட்டமாக நின்றார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒருத்தி கேட்டாள்: "நாம ஹெல்ப்பராம்ல? அந்த ரெண்டு பேரு எழுதையில நாம எதுக்கு ஹெல்ப்பு? பேனா மூடி பிடிச்சோமா?" இன்னொருத்தி, "எடி, மூணு ஆழ்ச்சைக்கு யாரும் போவக் கூடாது, கேட்டியா? போனா உன் முறத்தை நானே ஒடிப்பேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் என்னைக் குற்றம் சொல்லாததால் சுத்தமாக வரவில்லை.

யாரும் போகவில்லை. மாதக் கடைசியோடு பன்னிரண்டு பேருக்கும் வேலை போயிற்று.

அந்தப் புதன்கிழமை ஆபீஸிலிருந்து திரும்பும்போது படகுத்துறை வரை நடந்தோம். ஆட்டோவுக்காக நின்றோம். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, நாடாவைச் சுற்றி, பைக்குள் போட்டாள்.

"அந்த ரெண்டு பேரு கார்டுல இருக்கே, கிரேடர்னு. அது எத்தனை எழுத்துடா?"

"ஆறு."

"ஹெல்ப்பர்?"

"அதுவும் ஆறு."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் ஆட்டோ வந்து நின்றது.

"அப்ப இடம் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு முதலில் ஏறினாள்.