நின்ன வண்டியின் வேகம்

நூத்திப் பன்னெண்டு! என் வண்டியை மலையில இருந்து உருட்டிவிட்டாக்கூட அந்த வேகம் போகாது. ஆனா அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹேண்டில்ல இருந்த நேவிகேஷன் பொட்டி அப்படித்தான் காட்டுச்சு. இன்னைக்குப் போன அதிகபட்ச வேகம், நூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர். எங்கம்மா அதை ஒருவாட்டி பார்த்துச்சு, என்னை ஒருவாட்டி பார்த்துச்சு. வண்டியில இருந்த சாவியை உருவி இடுப்புல சொருகிக்கிட்டு உள்ள போயிடுச்சு.

"எம்மா, அது பொய் சொல்லுதும்மா!"

"மிசினு பொய் சொல்லுமாடி? மனுசந்தான் சொல்லுவான்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! செருப்பை ஒரு பக்கம், ஹெல்மெட்டை ஒரு பக்கம் வீசிட்டு வாசல்லயே உட்கார்ந்துட்டேன். நான் அம்பதைத் தாண்டவே இல்லை. சத்தியமா தாண்டலை.

அந்த அம்பது எங்கம்மா போட்ட சட்டம். எங்கப்பா வண்டியில விழுந்து முட்டிக்குக் கீழ ரெண்டு எடத்துல எலும்பு முறிஞ்சதுல இருந்து எங்க வூட்டுல வண்டிங்கிற பேச்சை எடுத்தாலே அம்மாவுக்கு மூஞ்சி மாறிடும். என் வேலைக்கோ வண்டி இல்லாம ஒண்ணும் நடக்காது. சொட்டுநீர் பைப் போடுற வேலை. ஏரியூர் பக்கம் தோட்டம் தோட்டமாப் போயி அளந்து, எந்தப் பக்கம் எத்தனை பைப் ஓடணும்னு படம் போட்டுக் குடுக்கணும். எங்க ஊரு இண்டூர்ல பஸ் ஏறினா மெயின் ரோட்டுல எறக்கிவிட்டுடுவான். அங்க இருந்து தோட்டத்துக்கு வெயில்ல நாலு கிலோமீட்டர் நடக்கணும், தோள்ல அளவு டேப்பு, கையில காட்டுறதுக்குப் பைப் துண்டு. ஒரு மாசம் நடந்து பார்த்தேன், காலு காலா இல்லை. அப்புறம் அழுது அடம்புடிச்சு வண்டி வாங்கினேன். அம்பதுக்கு மேல போகக்கூடாது, தினமும் சாயங்காலம் பொட்டியைக் காட்டணும். இதுக்கு ஒத்துக்கிட்டதாலதான் சாவியே என் கைக்கு வந்துச்சு. பள்ளிக்கூடத்துப் புள்ள ரேங்க் கார்டு நீட்டுற மாதிரி நானும் தினம் நீட்டுவேன். நாப்பத்தேழு. நாப்பத்தொம்பது. எங்கம்மாவும் தலையாட்டிட்டு டீ போடப் போயிடும்.

விவசாயிங்க லொகேஷன் அனுப்புவாங்க, அதைப் பார்த்துத்தான் போகணும். போனை ஹேண்டில்ல மாட்டினா வெயில்ல கொதிச்சு அணைஞ்சு போயிடுது. அதனாலதான் இந்தப் பொட்டி. தருமபுரியில பைக் சாமான் கடை வெச்சிருக்கிற பாய்தான் மாட்டிவிட்டாரு. மாட்டும்போதே சொன்னாரு. "இங்க பாரும்மா, இது வானத்துல இருக்கிற சாட்டிலைட்டைப் பார்த்துத்தான் வேகம் சொல்லும். கணக்குப் போட்டுக் காட்டுறதுக்குள்ள ஒரு ரெண்டு நொடி பின்தங்கும். வண்டி மீட்டரு எப்பவும் கொஞ்சம் கூட்டிக் காட்டும், இது அந்த அளவுக்குக் காட்டாது. மேல மட்டும் எதையும் போட்டு மூடிடாதீங்க." நான் எங்க கேட்டேன்? வண்டி வந்த சந்தோசத்துல தலையைத் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

சனிக்கிழமை மேனேஜருகிட்ட இருந்து போன். திங்கக்கிழமை ஏரியூர்ல ஒரு தக்காளித் தோட்டம் அளந்தாகணும், உங்ககிட்ட வண்டி இருக்குதா இல்லையா, இல்லைன்னா அந்த ஏரியாவை வேற ஆளுக்கு மாத்திடறோம்னாரு. இருக்குதுங்க சார்னு சொல்லிட்டு அம்மா இடுப்பையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

கெஞ்சிப் பார்த்தேன், சாப்பிடாமக் கெடந்து பார்த்தேன். ஒண்ணும் பலிக்கலை. கடைசியில எனக்கே ஒரு யோசனை வந்துச்சு. "நாளைக்கு நீயே பின்னால உட்காரு. ஒகேனக்கல் வரைக்கும் போவோம். பொட்டி என்ன சொல்லுதுன்னு உன் கண்ணாலயே பாரு. அதுக்கப்புறமும் நான் பொய் சொல்றேன்னா வண்டியை வித்துடு." மீன் வறுவல் வாங்கித் தரேன்னும் சொன்னேன். எதுக்கு அசைஞ்சுச்சோ தெரியலை, சரின்னுடுச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில கெளம்பினோம். எங்கம்மா ஒரு கையால என் இடுப்பை நண்டு மாதிரி புடிச்சுக்கிட்டு, தோளுக்கு மேல எட்டிப் பொட்டியையே பார்த்துக்கிட்டு வந்துச்சு. பென்னாகரம் போற ரோட்டுல வண்டி மீட்டரு அம்பது, பொட்டி நாப்பத்தாறு.

"எதுடி நெசம்?"

"பொட்டிதான்னு பாய் சொன்னாரும்மா."

"அப்ப நூத்திப் பன்னெண்டும் நெசந்தான?"

வழக்குல நானே போயி மாட்டிக்கிட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டு மந்தை ரோட்டைக் குறுக்க மறிச்சுது. பிரேக் போட்டு நிறுத்திக் காலை ஊனிட்டேன். பொட்டி இன்னும் இருபத்திரெண்டுங்குது. அப்புறம் ஒம்போது. அப்புறந்தான் சைபர்.

"அடியே, நின்ன வண்டி ஓடுதுங்குதே!" எங்கம்மா சிரி சிரின்னு சிரிச்சுச்சு. "கேட்டு ரெண்டு நாளு கழிச்சுப் பதில் சொல்ற உங்கப்பன் மாதிரியே இருக்குது." எனக்கும் உசுரு வந்துச்சு. பாதி ஜெயிச்சாச்சு.

மலைப்பாதை எறங்கும்போது மரத்தடியில பொட்டி வெறிச்சுன்னு ஆச்சு. சிக்னல் இல்லை. அப்புறம் வந்துச்சு, எங்களைக் காட்டுக்குள்ள காட்டுச்சு, திரும்ப ரோட்டுக்கு இழுத்துச்சு. ஒகேனக்கல்ல வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சாவியை நானே எடுத்து அம்மா கையில குடுத்தேன். மீனை வாங்கி வறுக்கிற அக்காகிட்ட குடுத்துட்டுத் திரும்பி வந்தா, எங்கம்மா வண்டிகிட்ட செலையாட்டம் நிக்குது.

"தொண்ணூத்தேழு," அப்படீன்னுச்சு மெதுவா. "வந்து நின்னப்ப அதிக வேகம்னு நாப்பத்தெட்டுதான் இருந்துச்சு, நான் பார்த்துக்கிட்டுத்தான் வந்தேன். சாவி என் கையில இருக்குது. வண்டி நின்னுக்கிட்டு இருக்குது. தொண்ணூத்தேழுங்குதுடி!"

நான் அங்கயே குதிச்சேன்! பரிசல்காரரு ஒருத்தரு திரும்பிப் பார்த்தாரு, பார்க்கட்டும்னு குதிச்சேன். "பார்த்தியா? பார்த்தியா? இதைத்தான மூணு நாளாக் கத்துறேன்!" அப்பத்தான் பாய் சொன்னது மண்டையில உறைச்சுது. மேல எதையும் போட்டு மூடிடாதீங்க. பொட்டி மேல பார்த்தேன். மஞ்ச குங்குமத்தோட உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு.

வியாழக்கிழமை அமாவாசைக்கு எங்கம்மா கோயில்ல மந்திரிச்சு வாங்கிட்டு வந்து ஒட்டுன தகடு. எம்புள்ளையைக் காப்பாத்துன்னு வேண்டிக்கிட்டு, வேற எடமே இல்லாத மாதிரி, பொட்டி நெத்தியிலயே ஒட்டியிருந்துச்சு. சாட்டிலைட்டைப் பார்க்க வேண்டிய கண்ணை மூடிவிட்டா அது பாவம் குத்துமதிப்பாத்தான சொல்லும்? வெட்டவெளி ரோட்டுல எப்படியோ சமாளிச்சுடுது, மரமோ மலையோ மறைச்சாத் தடுமாறிடுது. அங்க இருக்கோம்கும், அடுத்த நொடி இங்க இருக்கோம்கும். ரெண்டுக்கும் நடுவுல பறந்து போனதாக் கணக்குப் போட்டுக்கும்.

சொல்லிட்டேன். எங்கம்மா தகட்டையே பார்த்துச்சு. மூஞ்சி சுண்டிப் போச்சு. மீன் ரெடின்னு வறுக்கிற அக்கா கூப்பிட்டாங்க. நான் தட்டை வாங்கிட்டு வந்து நீட்டினேன்.

"வை அதை. கவுச்சி தின்ன கையில சாமி தகட்டைத் தொடக்கூடாது."

ஆத்துல எறங்கிக் கைகால் கழுவி, முந்தானையில துடைச்சுட்டு வந்து, நகத்தால ஓரத்தைக் கெளப்பித் தானே உரிச்சுச்சு. கண்ணுல ஒத்திக்கிச்சு. சீட்டைத் தூக்கச் சொல்லி உள்ளாற டூல்ஸ் பைக்குப் பக்கத்துல ஒட்டுச்சு. "வண்டிக்குத்தான காவலு, இங்க இருந்தாலும் பார்த்துக்கும்." நான் பழைய கணக்கை அழிச்சேன். அதுக்கப்புறம் மீனைத் தின்னு முடிக்கிற வரைக்கும் பொட்டி சைபர்லயே நின்னுச்சு. எங்கம்மா முள்ளு எடுக்கிறதும் பொட்டியைப் பார்க்கிறதுமா இருந்துச்சு.

திரும்பி வரும்போது பின்னால இருந்து ஒரே ஒருவாட்டிதான் பேசுச்சு. "மூணு நாளு அந்தப் பொட்டியை நம்பினேன், உன்னை நம்பலை." நான் காத்துல கேக்கலைங்கிற மாதிரி ஓட்டிட்டு வந்துட்டேன்.

திங்கக்கிழமை தக்காளித் தோட்டத்தை அளந்து முடிச்சேன். ஏரியூர் எனக்கே நின்னுச்சு. சாயங்காலம் வூட்டுக்கு வந்ததும் பழக்கத்துல பொட்டியைக் கழட்டி நீட்டினேன். எங்கம்மா அதைப் பார்க்கவே இல்லை.

"அதை எதுக்குடி காட்டுற? நீ சொல்லு. எவ்வளவு வேகத்துல வந்த?"

வரும்போது ரோடு காலியா இருந்துச்சு, வேலை நிலைச்ச குஷி வேற. கொஞ்சம் முறுக்கிட்டேன். நாப்பத்தொம்பதுன்னு சொன்னா நம்பியிருக்கும், பொட்டியை வாங்கிப் பார்த்திருக்காது. அதுதான் என்னைப் போட்டு என்னவோ பண்ணுச்சு.

"அம்பத்தி நாலும்மா."

எங்கம்மா என்னையே பார்த்துச்சு. இடுப்புல கையை வெச்சுச்சு. சாவி என் கையிலதான் இருந்துச்சு, அதை அது கேக்கலை.

"நாளைக்கு அம்பதுல வா," அப்படீன்னுட்டு டீ போடப் போச்சு.