சிவப்புச் சாயமும் ஆறு குஞ்சுகளும்

குஞ்சுகளுக்குச் சாயம் பூசியது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தப்பை இன்னொருத்தர் வந்து எடுத்துச் சொன்னால் எனக்குப் பிடிக்காது.

ஐந்தாம் மாதக் கர்ப்பத்தில் மகள் ஒரு மாதம் வந்து எங்களோடு இருந்தாள். சும்மா இருக்கிற பெண்ணா அவள்? எங்கள் கோழிகள் நான்கும் முட்டை போடும், அடைக்கு வைத்தால் மட்டும் எழுந்து போய்விடும். அவள் அந்த முட்டைகளை எடுத்து, தெர்மாகோல் பெட்டிக்குள் பல்பு மாட்டி, ஆறு குஞ்சு பொரிக்க வைத்துவிட்டாள். "ஆறையும் பத்திரமாப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

குஞ்சுகள் அவள் அறையிலேயே வளர்ந்தன. இரண்டு மாதத்தில் கட்டில்மேல் ஏறத் தொடங்கிவிட்டன. அறை முழுக்கத் தூசியும் நாற்றமும். ஒன்பதாம் மாத வளைகாப்பு முடித்து அவளை அழைத்துவர இருபது நாள்தான் இருந்தது. பச்சைப் பிள்ளையோடு அவள் படுக்க வேண்டிய அறை அது. அதற்குள் ஆறும் முருங்கை மரத்தடிக் கூண்டுக்குக் குடிபோயாக வேண்டும்.

"எதுக்குப் புள்ள இந்தப் பாடு? பெரிய கோழிக இதுகளச் சேத்துக்காது. பேசாமக் கொழம்பு வெச்சுப்போடு" என்றார் வீட்டுக்காரர்.

வந்ததே எனக்குக் கோபம்! "நீங்க சும்மா இருங்க. ஆறும் அந்தக் கூண்டுல இருக்கும், பாத்துக்குங்க" என்றேன்.

எங்கள் பக்கம் குஞ்சுக்குச் சாயம் பூசாமல் வெளியே விடமாட்டோம். கலரைக் கண்டால் பருந்து கிட்ட வராது என்று ஒரு நம்பிக்கை. பவானியில் ஜமக்காள நூலுக்குச் சாயம் போடுகிற தம்பி வீட்டிலிருந்து வாங்கிவந்த சிவப்பு கொஞ்சம் மீதி இருந்தது. காலையில் ஆறின் முதுகிலும் பூசி, காய்ந்ததும் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் தோசை ஊற்றப் போனேன்.

இரண்டு தோசைகூட ஆகியிருக்காது. கூண்டில் ஒரே அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால், நான்குக்கும் தலைவியான கருப்புக் கோழி ஒரு குஞ்சை மூலையில் அமுக்கி முதுகிலேயே கொத்திக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் கூடச் சேர்ந்துகொண்டிருந்தன. அடிப் பாவிகளா, நீங்கள் போட்ட முட்டையில் பொரிந்ததுகள்தானே! மிச்ச ஐந்தையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தேன். கொத்துப்பட்டது மத்தியானம் கழுத்தைத் தொங்கப்போட்டுவிட்டது.

தீவனக் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "ஏனுங்கக்கா, செவப்பப் பாத்தா கோழிக்கு ரத்தம்னு தோணுமுங்க. கொத்தியே கொன்னுபோடுமுங்க. தாய்க்கோழி கூட நின்னாக் கிட்ட விடாது. இதுகளுக்குத் தாய் ஏதுங்க?" என்றார். நான்தான் என்று வாய்வரை வந்தது. சாயம் பூசிய கையை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? வெட்கத்தோடு வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "ஆறும் நல்லா இருக்காம்மா?"

"ஆறும் நல்லா இருக்குது கண்ணு."

பிள்ளைத்தாச்சியிடம் போய்ச் சாவுச் சேதி சொல்வார்களா? அன்றிலிருந்து தினமும் அதே கேள்வி, அதே பொய். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவே மாட்டார்.

ஆனால் அந்த ஐந்தை விட்டுவிடுவதாக இல்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் சாயம் போகவில்லை. பவானிச் சாயம் அவ்வளவு லேசில் போகுமா? அடுப்புக்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து ஐந்தின் முதுகிலும் அப்பினேன். கூண்டின் நடுவே கம்பிவலை கட்டி, பெரியவை அந்தப் பக்கம், சின்னவை இந்தப் பக்கம் என்று பிரித்தேன். வலையை ஒட்டி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கம்புத் தானியம் போட்டேன். முதலில் கருப்பி வலையையே கொத்தியது. ஒரு வாரத்தில் அதற்கே அலுத்துப்போய் ஒழுங்காகத் தின்ன ஆரம்பித்தது.

பதினோராம் நாள் பொழுது சாயும் நேரத்தில் வலையை அவிழ்த்து, பெரியவை கட்டையில் ஏறி அடைந்த பிறகு, சின்னவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி அவற்றின் பக்கத்தில் வைத்தேன். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, கொத்தாது. விடியும்போது கூண்டுக்குள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, விளக்குமாற்றோடு உட்கார்ந்திருந்தேன். பெரியவற்றின் கவனம் திரும்பட்டும் என்று ஒரு கட்டுக் கீரையைத் தொங்கவிட்டிருந்தேன். சின்னவை ஓடி ஒளிய ஒரு பலகையையும் சாய்த்து வைத்திருந்தேன். கருப்பி கொத்தத்தான் செய்தது. குஞ்சு பலகைக்குப் பின்னால் ஓடியது. ரத்தம் வந்தால்தான் எழுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

"கோழிகளுக்குப் பஞ்சாயத்துப் பண்ற மொத ஆளு நீதான்" என்று வீட்டுக்காரர் காப்பியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார். அப்படி ஐந்து நாள் காவல் இருந்தேன்.

வளைகாப்பு முடிந்து கை நிறைய வளையலோடு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கூண்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். பெரியவையும் சின்னவையும் ஒரே தட்டில் கொத்திக்கொண்டிருந்தன. அவள் விரல் நீட்டி எண்ண ஆரம்பித்தாள்.

"எண்ணாத கண்ணு. அஞ்சுதான் இருக்குது. ஒண்ண நாந்தான் கொன்னுபோட்டேன்" என்றேன்.

"தெரியும்மா. அப்பா அன்னைக்கே போன்ல சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்கு அம்மணி தெனமும் ஆறு ஆறுன்னு கேட்ட?"

"நீ ஒரு நாளாச்சும் அஞ்சுன்னு சொல்லுவியான்னுதான். சொன்னாத்தானம்மா நான் பரவால்லன்னு சொல்ல முடியும்?"

கூண்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.