வாடகைப் பதக்கங்கள்

எங்கள் அடையாறு குடியிருப்பின் சங்கச் செயலாளருக்கு இந்தக் குடியரசு தினத்தில் கொடியேற்ற ஒரு ராணுவ வீரர் தேவைப்பட்டார். போன வருடம் ஏற்றியவர் பல் டாக்டர். வாட்ஸ்அப் குழுவில் வரவேற்பு போதவில்லை. நல்லவேளையாக இரண்டாம் மாடியில் இருக்கும் தன் மகள் வீட்டுக்கு ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் குடிவந்திருந்தார். செயலாளர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "மெடல்லாம் இருக்கா சார்?"

ஹவில்தார் வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்தபோது, அவருடைய பதக்கங்கள் பீரோவின் கீழ்த்தட்டோடு வெள்ளத்தில் போயிருந்தன. "மறுபடி வாங்கிடலாம் சார். அதைப் போட்டுக்கிட்டுத்தான் கொடியேத்தணும்," என்று செயலாளர் என்னிடம் வந்தார். முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவனுக்கு இதைவிட இனிமையான அழைப்பு கிடையாது. நகல் பதக்கத்துக்கு விண்ணப்பம், படைவிடுப்புப் புத்தகத்தின் பிரதி, தொலைந்தது கிடைக்கவில்லை என்ற காவல்துறைச் சான்று. மூன்றையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். ஹவில்தாரை அவருடைய பழைய வீட்டு எல்லைக் காவல் நிலையத்துக்கும் அழைத்துப் போனேன்.

"மெடலா? தங்கமா, வெள்ளியா?" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

"ரெண்டும் இல்லீங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு பெரியவரே கம்ப்ளெய்ன்ட்? வெள்ளம் வந்து எத்தினி வருஷமாச்சு, இப்ப வந்து கீறீங்க."

தேடினோம், கிடைக்கவில்லை என்று அவர் எழுதித் தந்தால் போதும் என்றேன்.

"எங்க சார் போய்த் தேடுறது, பள்ளிக்கரணை சதுப்புலயா? சரி, அடையாளம் எதுனா கீதா?"

"விளிம்புல என் நம்பர் வெட்டியிருக்கும்," என்ற ஹவில்தார் நாற்காலியைவிட்டு எழுந்து நிமிர்ந்தார். எண், பதவி, பெயர் எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. எழுத்தரின் பேனா நின்றது. பிறகு, "மெதுவா சொல்லுங்கய்யா," என்றார். பெரியவர் ஐயாவானதே அன்றைய வரவு. சான்றை வாங்க இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.

குடியரசு தினம் அதுவரை காத்திருக்கவில்லை. முந்தின நாள் செயலாளர் தி. நகர் மாறுவேடக் கடையிலிருந்து ஆறு பதக்கங்களை வாடகைக்கு எடுத்துவந்தார். ஒன்று மசால்வடை அளவு இருந்தது.

"ஸ்கூல் காம்பெடிஷனுக்குக் குடுக்கறதுதான். ஃபோட்டோல தெரியாது சார்."

ஹவில்தார் ஒன்றைத் திருப்பி விளிம்பைப் பார்த்தார். "இதுல யார் நம்பரும் இல்லையே. எனக்கு வேணாம். சட்டையோட வரேன், பரவால்லயா?"

செயலாளர் என்னைத் தனியே இழுத்தார். "வெறும் சட்டையோட நிறுத்தினா, வாட்ச்மேனை விட்டுக் கொடியேத்திட்டீங்களான்னு கேப்பாங்க சார்." எங்கள் வாட்ச்மேனும் பட்டாளத்தில் இருந்தவர் என்பது தனக்குத் தெரியாது என்று செயலாளர் பிறகு சொன்னார்.

மறுநாள் பல் டாக்டரே கொடியேற்றினார். ஹவில்தார் மூன்றாவது வரிசையில் நின்றார். முன்னாள் ராணுவ வீரர் ஒருவருக்காக அலைந்த சமூக ஆர்வலர் என்று ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லா நடைமுறையும் தெரிந்த எனக்குப் பொன்னாடையை மறுக்கும் நடைமுறை மட்டும் தெரியவில்லை. முதலில் கைதட்டியவர் ஹவில்தார்.

இனிப்பு வாங்கும் வரிசையில் என்னிடம் வந்தார். "அந்த சர்டிஃபிகேட் என்னிக்கு சார் தருவாங்க?"

"வியாழக்கிழமை போய்ப் பார்ப்போம்," என்று சொல்லி, பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.