புளி போட்டுத் தேய்த்த சாக்சபோன்

எங்கள் ஆல்பத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு பகல். பிலிமத்தலாவையில் ஒரு ஸ்டூடியோ. நானே கட்டிய ஆறு ஜாஸ் மெட்டுகள். பியானோ வாசிக்கும், மடவளை ஊர்க்கார நண்பன் அன்றிரவே மாலைதீவு ஹோட்டல் வேலைக்குப் பறக்கிறான். கண்டி ஹோட்டலில் மற்றவர்களின் கரண்டிச் சத்தத்துக்குப் பின்னால் பதினொரு வருடம் வாசித்தவர்கள் நாங்கள். நிசப்தமான அறையில் வாசிக்க அந்தப் பகலை விட்டால் வேறு இல்லை.

அன்று விசயதசமி. முதல்நாள் சாக்சபோன் சரஸ்வதி படத்தின் முன்னால் இருந்தது. பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது, நானும் தொடவில்லை. எடுத்தபோது குத்துவிளக்குப்போல மின்னியது. பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஸ்டூடியோவில் ஊதினால் மேல் சுரங்கள் வந்தன. கீழே இறங்க இறங்க வெறும் காற்று. துளைகளை மூடும் தோல் வட்டங்கள் ஊறி உப்பியிருந்தன. முகர்ந்து பார்த்தேன். புளி.

வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"வெளக்குத் தேய்க்கிறப்ப அதையும் சேத்துத் தேய்ச்சேங்க. பித்தளதானே. சாமிக்கு முன்னால அழுக்கோடயா வைக்கிறது?" என்றாள் மனைவி.

அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டபின் திட்ட வாய் வரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய்க்கும் எட்டியது, ஓசைதான் எட்டவில்லை.

மின்விசிறியில் காட்டினேன். சூடான மின்குமிழுக்குப் பக்கத்தில் பிடித்தேன். தோல் விறைத்து இன்னும் மோசமானது. மத்தியானம் தாண்டியது.

"என்ன மச்சான், சைக்கிளுக்குக் காத்தடிக்கவா வந்த?" என்றான் நண்பன். நான் சிரிக்கவில்லை. அவன் குரலைத் தாழ்த்தினான். "சரி, நீ மேல ஊது. கீழ நான் பாத்துக்கிறன்."

மெதுவான மெட்டு ஒன்றை அப்படியே எடுத்தோம். நான் இறங்கவேண்டிய இடத்திலெல்லாம் அவன் இடக்கை இறங்கியது. கடைசிச் சுரம் மட்டும் நான்தான் ஊதவேண்டும். ஊதினேன். மூச்சுத்தான் பதிவானது. மற்ற ஐந்தும் முழுக்கக் கீழ்ச் சுரத்தில் நடப்பவை; தொடக்கூட முடியவில்லை. நேரம் முடிந்தது. நண்பன் என்னை ஒருதரம் கட்டிப்பிடித்துவிட்டு விமான நிலையத்துக்கு வேன் ஏறினான். ஒரு மெட்டை யாரும் ஆல்பம் என்று சொல்லமாட்டார்கள்.

வீட்டு வாசலிலேயே மனைவி நின்றிருந்தாள்.

"பளபளன்னு இருந்ததப் பாத்து என்னங்க சொன்னாங்க?"

"கண்ணு பட்டிரும்னாங்க."

பெட்டியை என் கையிலிருந்து வாங்கிவைத்துவிட்டு, சாக்சபோனுக்குச் சுற்றிப்போட உப்பும் மிளகாயும் எடுக்க உள்ளே போனாள்.